ஏழாம் நம்பர் காட்டு விமானம்

என் மகள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக. எங்கள் ஊர் கூலாயில் மாலை மழை ஓய்ந்த நேரம். கனிந்து கெட்டுப்போன வாழைப்பழமும் மண்ணெண்ணெயும் கல்யாணம் செய்துகொண்டது போன்ற அந்த வாடை மேசையைக் கடந்து என் மூக்குக்கு வந்தது. பேனாவை வைத்துவிட்டேன்.

"என்னப்பா, நாத்தமா?" என்றாள்.

"இல்லம்மா. விமானம்."

அவள் தன் தாயைப் பார்த்தாள். தாய் தலையை மட்டும் ஆட்டினாள். கவிதை எழுதுகிறவனைக் கட்டிக்கொண்டவர்களுக்கு அப்படி ஆட்டத் தெரியும்.

விமானம்தான். அந்தக் காலத்துச் சண்டை விமானங்களில் சில, பாதிக்கு மேல் துணி. சட்டத்தின் மேல் துணியை இழுத்துப் போர்த்தி, அது தளராமல் விறைத்து நிற்க ஒரு பூச்சு பூசுவார்கள். இன்றைக்குப் பெண்பிள்ளைகள் நகத்தில் பூசுவது அதற்குத் தங்கச்சி முறை. வெள்ளைக்காரன் தன் சாம்ராஜ்யத்தைக் காப்பாற்ற நகச்சாயம் பூசிய துணியை ஆகாயத்தில் அனுப்பினான் என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. நான் நம்புகிறேன். அது என் தலைக்கு மேலேதான் போனது.

சப்பான்காரன் வடக்கேயிருந்து சைக்கிள் மிதித்து இறங்கிக்கொண்டிருந்த வாரம். ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் சின்னக் கிராணி, அதாவது கணக்கெழுதுகிற குமாஸ்தா. வயது இருபத்தொன்று. எங்கள் வெள்ளைக்காரத் தொரை தன் நாயையும் கிராமபோன் பெட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூருக்குக் கிளம்பி மூன்று நாள் ஆகியிருந்தது. கிளம்பும்போது அவர் எங்களுக்குச் சொன்ன கடைசி வார்த்தை, காட்டுப் புத்தகத்தை ஒழுங்காக எழுதி வாருங்கள் என்பது. காடு என்று தோட்டத்தில் சொல்வது ரப்பர் மரம் நட்ட பிரிவை; ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. எந்தக் காட்டில், எந்த நிரையில், எத்தனையாவது மரத்துக்கு என்ன ஆனது என்று புத்தகத்தில் எழுத வேண்டும். நாய்க்குக் காரில் இடம் கிடைத்தது. எங்களுக்குப் புத்தகம் கிடைத்தது.

அன்று மத்தியானம் அது வந்தது. இறக்கை இரண்டு தட்டு. நடுவில் குச்சி குச்சியாகத் தாங்கு கட்டைகள், கம்பிகள். மேலே திறந்த குழியில் இரண்டு மூன்று தலைகள். தோட்டத்து லாரி கொஞ்சம் உற்சாகமாக இருந்தால் பந்தயத்தில் ஜெயித்திருக்கும். கிழக்கே கடலோரத்தில் சப்பான் கப்பல்களை அடிக்கப் போன கூட்டத்தில் ஒன்று என்று பின்னால் தெரிந்தது. போனபோது நிறைய. திரும்பியபோது எண்ணிக்கை குறைந்திருந்தது. திரும்பியதில் ஒன்று, இருமிக்கொண்டே தாழ்ந்து, ஏழாம் நம்பர் காட்டின் இளமரங்கள் மேல் படுத்துவிட்டது. விழுந்தது என்று சொல்ல மனம் வரவில்லை, களைத்துப்போய்ப் படுத்தது. ஓட்டி வந்தவர்கள் இறங்கி, சிராய்ப்பைத் துடைத்துக்கொண்டு, தெற்கே நடந்து போனார்கள். வழியில் ஒருவன் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு நன்றி சொன்னானாம். சாம்ராஜ்யத்திலிருந்து எங்களுக்கு வந்த கடைசி நன்றி.

நான் என்ன செய்தேன்? புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். நாடு கைமாறிக்கொண்டிருந்த மத்தியானத்தில், பென்சிலைக் கூராக்கி எழுதினேன்: ஏழாம் நம்பர் காடு, விமானம் படுத்துச் சேதமான மரம் பதினொன்று, இறக்கை, எட்டாம் நிரை தொடங்கிப் பத்தாம் நிரை தாண்டி அரை இடைவெளி, உடல், ஒன்பதாம் நிரையில் பதினாலாவது மரம் தொடங்கிப் பதினேழாவது மரம் தாண்டி அரை இடைவெளி. ஓரத்தில் ஒரு படமும் வரைந்தேன். படம் வரையச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்த வயதில் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

மறுநாள் நான் போனபோது விமானம் எலும்புக்கூடாக இருந்தது. துணியைக் காணோம். லயத்துச் சனம் ஒரே ராத்திரியில் உரித்துவிட்டிருந்தது. நல்ல துணி, லினன் நூலில் நெய்தது. சாம்பல் போட்டு மூன்று தரம் வேகவைத்தால் பூச்சு கழன்று மெத்தென்று ஆகிவிடும். அடுத்த மூன்றரை வருஷம் நாடே கோணியைக் கட்டிக்கொண்டு திரிந்தபோது, எங்கள் தோட்டம் மட்டும் கௌரவமாக விமானம் உடுத்தியிருந்தது. வேகவைத்த அந்த வாரம் லயமெல்லாம் இந்த வாடைதான், என் மகளின் நகத்து வாடை. பிறகு இரும்புக்காரர்கள் வந்து எலும்பையும் கொண்டுபோனார்கள். காட்டில் பதினொரு முறிந்த மரம் மிஞ்சியது.

அதன் பெயர் எனக்குத் தெரியாது. சண்டை முடிந்து வெகுகாலம் கழித்து எத்தனையோ பேரைக் கேட்டேன். பழைய பட்டாளத்து வெள்ளைக்காரர் ஒருவர், அப்படியொரு விமானம் எங்களிடம் இருந்ததே இல்லை என்று சத்தியம் செய்தார். வேறொருவர், ஆப்பிரிக்காவில் ஓடும் ஒரு காட்டு மாட்டின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள் என்றார். பறக்க வேண்டிய பொருளுக்கு மாட்டின் பெயர். வைத்தவனுக்கு உண்மை தெரிந்திருக்கிறது.

வந்தான் சப்பான்காரன். கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பச் சொன்னான்; சூரியன் மட்டும் பிடிவாதமாக ரெங்கம் நேரத்துக்கே எழுந்துகொண்டிருந்தது. தோட்டத்துக்குப் புதுத் தொரையாக ஒரு அதிகாரி வந்தார். ரப்பர் யாருக்கும் வேண்டாம் என்று ஆகிவிட்டதால், மரவள்ளியும் ஆமணக்கும் போடவைப்பது அவர் போர்க்களம். வயிற்று உபாதைக்காரர். காலையில் வரிசையாக நிற்கவைத்துக் குனியச் சொல்வார். குனிந்தவர்களை ஒரு கையால் எண்ணிக்கொண்டே இன்னொரு கையால் வயிற்றைத் தடவுவார். எங்களோடு மலாயில் பேசுவார். அவருக்குத் தெரிந்த மலாய் ஏறக்குறைய முப்பது சொல். அரசாங்கம் நடத்த அது போதும் என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் வடக்கே சயாம் தேசத்துக்கு ஆள் கேட்டார்கள். ரயில் பாதை போடுகிறார்களாம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாமாம், அரிசி உண்டாம். முதல் தடவை போனவர்கள் திரும்பவில்லை. ஒரு சேதியும் வரவில்லை. இரண்டாம் தடவை யாரும் தானாக முன்வரவில்லை என்பதால் பெரிய கிராணியார் பட்டியல் போட்டார். நான் படி எடுத்தேன். மூன்றாவது பெயர் என் அக்காள் புருஷன். மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார்.

மச்சான் தோட்டத்துத் தச்சர். அவர் கையைப் பற்றி மரியாதையாகச் சொல்வதென்றால், அவர் செய்த கதவுகள் மூடாது, ஜன்னல்கள் திறக்காது. ரப்பர்ப் பால் மரம் சீவாத ஆள், மரவள்ளிக்கும் தேவையில்லாத ஆள்; பட்டியலில் முன்னால் வந்ததில் ஆச்சரியம் இல்லை. அக்காவுக்கு அப்போது மாதவிலக்கு நின்று ஐந்து மாதம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் தங்கிய முதல் கரு.

அக்கா அழவில்லை. வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீதானேடா படி எடுத்த? ஓங் கைக்கு ஒரு எழுத்துப் பிழைகூட வரலையா?"

அந்த வாரம் நடந்ததை அதிர்ஷ்டம் என்று அப்போது சொன்னேன். அதிகாரி பழைய காட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார், எந்தக் காட்டை வெட்டி மரவள்ளி போடலாம் என்று. ஓரத்துப் படத்தில் விரல் நின்றது. "இனி அப்பா?" என்றார். இது என்ன? சொன்னேன். ஏழாம் காட்டில் விழுந்த எதிரி விமானம். அவர் கண் பெரிதானது. அவருக்கு மேலே ஒரு அதிகாரி உண்டு, தோட்டம் தோட்டமாகப் பார்வையிட வருவார் என்று பேச்சு. மற்றத் தோட்டத்துக்காரர்கள் மரவள்ளியைக் காட்டுவார்கள். இவர் தன் தோட்டத்தில் வீழ்த்தப்பட்ட ராட்சத விமானத்தைக் காட்டலாம். அது விழுந்தபோது இவர் சப்பானில் இருந்தார் என்பது சின்ன விவரம்.

"விமானம் எங்கே?"

அது அந்த நிமிஷம் ஆபீஸ் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தது, கூட்டுகிற பெண்ணின் முந்தானையாக. நான் சொன்னேன்: "இரும்புக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள், துவான். ஆனால் நான் அதே மாதிரி சிறியதாகச் செய்துதர முடியும். அளவு புத்தகத்தில் இருக்கிறது. ஒரு தச்சன் மட்டும் வேண்டும்."

பட்டியலில் மூன்றாவது பெயர் மேல் அவரே கோடு போட்டார். மாதிரி முடியும் வரைக்கும் தச்சன் இருக்கலாம். முடிந்ததும் அடுத்த பட்டியல். இதுதான் ஒப்பந்தம். எங்களுக்குத் தேவைப்பட்டது நாலு மாதம், குழந்தை முகத்தை அவர் பார்க்கும் வரைக்கும்.

புகைக் கொட்டகையில் வேலை தொடங்கியது. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடுகிற உயரமான கொட்டகை; புகைக்க எதுவும் இல்லாததால் காலியாகக் கிடந்தது. ஜெலுத்தோங் மரத்தை வெட்டி வந்தோம். வெண்ணெய் போல வெட்டுப்படும், கத்திக்கு எதிர்ப்பே சொல்லாத மரம். அந்தக் காலத்துக்குப் பொருத்தமான குணம். உப்புத்தாள் கிடையாது, காட்டோரக் கொடியில் சொரசொரவென்று ஒரு இலை உண்டு, மலாய்க்காரர்கள் அதில்தான் மரம் தேய்ப்பார்கள், அதைப் பறித்து வந்தோம். பசைக்கு மரவள்ளி. சாப்பாடும் அதுதான். மச்சான் ஒரு கவளம் வாயிலும் ஒரு கவளம் இறக்கையிலும் வைப்பார்.

அளவுக்கு என் புத்தகம். தோட்டத்தில் மரத்துக்கு மரம் இருபதடி. நிரைக்கு நிரை இருபதடி. இது எந்தக் கிராணிக்கும் தூக்கத்தில் தெரியும். ஒரு இடைவெளியை எட்டு அங்குலமாகச் சுருக்கினேன். இறக்கை இரண்டரை இடைவெளி, ஆக இருபது அங்குலம். உடல் மூன்றரை இடைவெளி, ஆக இருபத்தெட்டு அங்குலம். ஓணான் மாதிரி நீண்டது.

"மச்சான், ஒடம்பு இவ்ளோ நீட்டா இருந்துச்சா?" என்றார்.

"புத்தகத்துல இருக்கு."

"நீ கண்ணால பாத்தியே லா."

"கண்ண நம்பி ஆபீஸ் நடத்த முடியுமா மச்சான்?"

என் கண்ணுக்கும் அது உறுத்தத்தான் செய்தது. ஆனால் என் கண் மாதச் சம்பளம் வாங்கியதில்லை. புத்தகம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. மூன்று வாரத்தில் ஒரு நீண்ட வெண்மரப் புழு, முதுகில் இரண்டு தட்டு இறக்கையோடு தயாரானது.

அதிகாரி தினமும் காலையில் கொட்டகை வாசலில் வந்து நிற்பார். "சுடா சியாப்?" முடிந்ததா?

"பெலும், துவான்." இன்னும் இல்லை, ஐயா.

மலாய் மொழியில் அதைவிட அழகான சொல் இருப்பதாக நான் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. பெலும். தினமும் காலையில் அதைச் சொல்லி என் அக்காள் புருஷனுக்கு ஒரு நாள் வாங்கினேன்.

மூன்றாம் வாரக் கடைசியில் அவர் உள்ளேயே வந்துவிட்டார். நீளத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பெசார்!" என்றார். பெரிசு! "பாகுஸ்!" பிரமாதம் என்று வயிற்றைத் தட்டினார். வீழ்த்திய விமானம் நீள நீள, வீழ்த்திய வீரமும் நீண்டுகொண்டு போகிறதல்லவா? சாயம் பூசி நாளைக்கே கொடு என்றார்.

மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அந்த மத்தியானம் மச்சான் மூங்கில் வெட்ட ஏழாம் காட்டுப் பக்கம் போயிருந்தார். திரும்பியவர் மூங்கிலைப் போட்டுவிட்டு, சிரிப்பதா வேண்டாமா என்ற முகத்தோடு நின்றார்.

"மச்சான், அந்தக் காட்டுல நிரைக்கு நிரைதான் இருவதடி. மரத்துக்கு மரம் பத்தடி லா. நான் குச்சி வச்சு அளந்தேன்."

"யார் சொன்னது?"

"மரம் சொன்னுச்சு."

ஏழாம் காடு புதுசாக ஒட்டு மரம் நட்டது. ஒட்டு மரத்தை நிரைக்குள் நெருக்கி நடுவார்கள். காட்டில் கால் வைக்கிற எவனுக்கும் தெரிந்த சேதி. கிராணிக்குத்தான் தெரியாது, கிராணி காட்டுக்குப் போவதில்லை, காடு புத்தகமாகி அவன் மேசைக்கு வரும். உடல் பதினாலு அங்குலம் இருக்க வேண்டியது. நான் ஒரு விமானத்தை இரண்டாக நீட்டியிருந்தேன்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆபீசுக்கு ஓடினேன். தன் தப்பை ஒப்புக்கொள்ள மேலதிகாரியிடம் ஓடிய கிராணி இந்தத் தேசத்தில் எனக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. "துவான், தப்பாகிவிட்டது! உடல் இரண்டு மடங்கு நீளம்! உங்கள் பெரியவர் விமானம் தெரிந்தவராக இருந்தால் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்!" அவர் எழுந்தார், கன்னத்தில் ஒன்று கொடுத்தார், உட்கார்ந்தார். "புவாட் லாகி," என்றார். மறுபடி செய். காது இரண்டு நாள் ரீங்காரமிட்டது. நான் வாழ்நாளில் செய்த உபயோகமான காரியம் எது என்று யாராவது கேட்டால், அந்தத் தப்பைத்தான் சொல்வேன்.

அதன்பிறகு தப்பு செய்வது எங்கள் தொழிலானது. அதில் மச்சானுக்குப் பிறவி வரம் இருந்தது. இடது இறக்கையை முடித்துவிட்டு வலது இறக்கையையும் இடது பக்கத்துக்கே செய்வார். மூக்கு விசிறியைக் கீழே போட்டு மிதிப்பார். பசை காயவில்லை என்போம், மழை என்போம், கறையான் என்போம். இறக்கையின் அகலம் புத்தகத்தில் இல்லை என்று சொல்லி, அதை அளக்க நான் லயம் லயமாகப் போனேன், ஏனென்றால் இறக்கை அங்கேதான் இருந்தது. பால்காரர் வீட்டுத் தொட்டிலில் ஒரு பாகம். வேலை மேய்க்கும் மண்டோரின் கோவணத்தில் விமானத்தின் ஒரு எழுத்து. அக்காவின் ரவிக்கை முதுகில் தைத்த ஓரம், இறக்கையின் ஓரத் தையல் அப்படியே.

"ஏன்டா, ரெக்கைய எம் முதுகுலயா அளக்கற?" என்றாள்.

"ஆடாத இரு, அக்கா. இங்கதான் தையல் சரியாத் தெரியுது."

"தெரியும்டா. ஒங்க மச்சானுக்குத் தலகாணி ஒறை தச்சேன். அதுல மூணு வட்டம் இருக்கு, செவப்பு, வெள்ள, நீலம். அதையும் வந்து அளந்துக்க. சாஞ்சு தூங்கறாரு, எழுப்பாத அளந்துக்க."

சிரித்தாள். வயிறு முன்னால் வந்துவிட்டிருந்தது. எழுந்திருக்கக் கையூன்றினாள்.

அந்த வட்டத்தால் இன்னும் பத்து நாள் கிடைத்தது. நடுவில் சிவப்புப் பொட்டு என்றதும் அதிகாரி கொதித்துப்போனார்; தங்கள் சூரியனை எதிரி திருடி இறக்கையில் ஒட்டியிருக்கிறான் என்றார். சிவப்பை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். எடுத்தால் எதிரி விமானம் மாதிரி இல்லையே என்று யோசித்து வைக்கச் சொன்னார். வைத்தேன். இப்படியாக நாட்கள். மூன்றரை மாதம் ஓட்டிவிட்டோம். மேல் அதிகாரியும் நல்ல மனுஷன். வருகிறேன் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார், வரவில்லை. அக்காவுக்கு இன்னும் மூன்று வாரம், மிஞ்சிப்போனால் நாலு என்றாள் மருத்துவம் பார்க்கிறவள்.

அப்போதுதான் குளுவாங் விமானத் தளத்திலிருந்து ஒரு சப்பான்காரன் வந்தான். பழுது பார்க்கிறவன், எண்ணெய்க் கை. வந்தது மரவள்ளி வாங்க. அதிகாரி பெருமையாகக் கொட்டகைக்கு அழைத்துவந்தார். அன்றைக்கு மேசையில் இருந்தது எங்கள் நாலாவது மாதிரி, வேண்டுமென்றே கோணலாக்கியது. வால் ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம்.

அவன் குனிந்து பார்த்தான். எடுத்துப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். கெட்ட சிரிப்பு இல்லை; விமானத்தோடு வாழ்கிறவனுக்கு வயிறு குலுங்க வருகிற சிரிப்பு. என்னிடம் அதைக் காட்டி, "ஈக்கான்!" என்றான். மீன். கையை மீன் மாதிரி நெளித்துக் காட்டினான். அதிகாரியும் சிரித்தார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வெயிலில் இறங்கிப் போனார்கள்.

அவ்வளவுதான் நடந்தது. அடி இல்லை, மிரட்டல் இல்லை. நாங்கள் ஆசைப்பட்டதே அதுதான்: கோணல் மாதிரி, சிரிக்கிற சப்பான்காரன், இன்னொரு வாரம். என் திட்டம் நன்றாகப் பலித்திருந்தது. ஆனால் என் காது எரிந்தது. அறை வாங்கிய அன்று எரிந்ததைவிட. அந்த விமானம் தலைக்கு மேலே போனதை நான் பார்த்திருந்தேன். அதன் ஒவ்வொரு தாங்கு கட்டையும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்று ஒருவன் நினைத்துக்கொண்டு குளுவாங் போய்ச் சேர்கிறான்.

அடுத்த எட்டு நாளில் நான் செய்ததுதான் ஐந்தாவது மாதிரி.

சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து மயிர் மயிராக எடுத்து இறக்கைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டினேன். குடைக் கம்பியை வெட்டித் தாங்கு கட்டை. ரப்பர் ஷீட்டை வட்டமாக வெட்டிச் சக்கரம். ரவிக்கைத் துண்டை அக்காவிடமே கேட்டு வாங்கி, இறக்கை மேல் நிஜத் துணியையே போர்த்தினேன். மூக்கு விசிறி, விரலால் தட்டினால் சுற்றும். திறந்த குழியில் இரண்டு குட்டி இருக்கை. உலகத்தில் எவனுக்கும் பெயர் தெரியாத, கிளம்பும்போதே கிழடாகிவிட்ட, மாட்டின் பெயர் கொண்ட ஒரு விமானத்தை, மரவள்ளி தின்கிற ஒரு கிராணி புகைக் கொட்டகையில் உயிரோடு எழுப்பிவிட்டான். கைதட்டுங்கள்.

மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து இலை போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கேட்டார்:

"மச்சான், என்னத்துக்கு இவ்ளோ அவசரம்?"

"அவசரம் இல்ல மச்சான். இந்த ஒண்ண மட்டும் ஒழுங்காச் செஞ்சு மறைச்சு வச்சிடலாம். அவனுக்குக் கோணலத்தான் காட்டுவோம்."

இதை நான் நம்பித்தான் சொன்னேன். அவரும் நம்பினார். கடைசி இரண்டு நாள் அவரே மும்முரமாகிவிட்டார். மேல் தட்டும் கீழ்த் தட்டும் இம்மி பிசகாமல் பொருந்தியபோது தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒன்பதாம் நாள் காலை வாசலில் பூட்ஸ் சத்தம். கோணல் மாதிரி மூலையில் கோணிக்கு அடியில் இருந்தது. எடுத்து மேசையில் வைக்க எனக்குப் பத்து அடி நடந்தால் போதும். நல்ல மாதிரி மேசையில் ஜன்னல் வெளிச்சத்தில் நின்றது. அதை மூடக் கையில் துணியும் வைத்திருந்தேன்.

"சுடா சியாப்?" குரலில் அன்றைய ஈக்கான் சிரிப்பின் மிச்சம் இருந்தது. எட்டு நாளாக அது இருந்தது.

"சுடா," என்றேன்.

சொன்னேன். யாரும் என் வாயைப் பிடித்து இழுக்கவில்லை. மச்சான் இலையைக் கீழே வைத்தார். அதிகாரி உள்ளே வந்தார், விசிறியை விரலால் தட்டினார், அது சுற்றி நிற்கும்வரை பார்த்தார். சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து லேசாகத் தலை குனிந்தார். ஒரு சப்பான்காரன் எனக்குக் குனிந்தான். என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே இலக்கியப் பரிசு அது. அதற்கு நான் கொடுத்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்த பட்டியல் அதிலிருந்து ஆறாம் நாள். அதிகாரியிடம் போனேன், கெஞ்சினேன், இன்னொரு விமானம் செய்துதருகிறேன், சப்பான் விமானம், பெரியதாக. வயிற்றைத் தடவிக்கொண்டு, ஒன்று போதும் என்றார். சொன்ன வார்த்தை தவறாதவர். பதினாறு பேர் பட்டியலைப் படி எடுக்கும் வேலை மறுபடி எனக்கு. இந்தத் தடவையும் எழுத்துப் பிழை வரவில்லை.

லாரியில் ரெங்கம் ஸ்டேஷனுக்குப் போனோம். பெயர் கூப்பிட்டுப் புள்ளி வைத்து ஒப்படைக்க நானும் போனேன். சரக்கு வண்டி, இரும்புப் பெட்டி, உள்ளே ஏற்கெனவே வேறு தோட்டத்து ஆட்கள். வெயில் ஏற ஏறப் பெட்டி முனகியது. அக்கா வரவில்லை; நடக்கிற நிலையில் இல்லை. குழந்தை பதினொரு நாள் கழித்துப் பிறந்தது, பெண். சயாமுக்குப் போனவர்களில் சிலர் சண்டை முடிந்து எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார்கள். மச்சான் வரவில்லை. அவரைக் கடைசியாக எங்கே பார்த்தோம் என்று சொல்லக்கூட அவர்களுக்குத் தெரியவில்லை. அதிகாரியின் மேலதிகாரி கடைசிவரை பார்வையிட வரவேயில்லை.

அன்றைக்கு மச்சான் பெட்டிக் கதவோரம் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டார். கையில் சின்ன மூட்டை. என்னை விரலால் கூப்பிட்டார்.

"பேரு வக்கிறதுல நீ தலையிடாத. கவித கிவிதன்னு வாயில நொழையாத பேரா வச்சுத் தொலைச்சிருவ. ஒங்கக்கா என்ன சொல்றாளோ அது."

"சரி மச்சான்."

"கஞ்சித் தண்ணிய வடிச்சுக் கொட்ட விடாத. அவ குடிக்கணும்."

"சரி."

காவலன் ஒருவன் கதவை இழுக்க வந்தான். மச்சான் ஒரு காலை வெளியே வைத்துக் கதவைத் தடுத்தபடி, குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், நெசத்தச் சொல்லு. இன்னும் ரெண்டு வாரம் இழுத்திருக்கலாமா?"

"முடியாது மச்சான்," என்றேன். "அவன் விட்டிருக்க மாட்டான்."

"அதானே." காலை உள்ளே எடுத்துக்கொண்டார். "நானும் ஒங்கக்காகிட்ட அப்பிடித்தான் சொல்லிட்டு வந்திருக்கேன்."